ஒறாபி பாஷா: நைல் கரையிலிருந்து கண்டி வரை

எகிப்திய வரலாற்று நூல்கள் அகமது ஒறாபி பாஷாவின் பொதுவாழ்வைப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகின்றன. 1881இல் அரண்மனை முன் படையோடு நின்றவர், 1882இல் தெல் எல் கபீர் போரில் தோற்றவர் என்ற அளவில் அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் இலங்கையில் கழித்த ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பின்குறிப்பாகவே இடம்பெறுகின்றன. மறுபுறம், இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளைப் போற்றுகின்றனர். எனினும் அவர் எகிப்தில் எதற்காகப் போராடினார் என்பதைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றனர். இவ்விரு பாதிகளையும் சேர்த்து நோக்கும்போதுதான் தோல்விக்குப் பின் அவர் காத்த அமைதியை மதிப்பிட இயலும். அந்த அமைதியைப் பணிவு என்று அவருடைய நாட்டவரே பழித்தனர் என்பதால் இம்மதிப்பீடு இன்றியமையாததாகிறது.

உழவர் மகன்

ஒறாபி 1841இல் நைல் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியான ஷர்கிய்யா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தலைவர். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் சிறிது காலம் பயின்ற பின், இளமையிலேயே படையில் சேர்ந்தார். அக்காலத்தில் எகிப்து பெயரளவில் உதுமானியப் பேரரசின் பகுதி. ஆட்சியும் படைத்தலைமையும் துருக்கிய, சர்க்காசிய மரபினரிடம் இருந்தன. அரபு பேசும் உழவர் குடியினருக்குப் படையில் உயர்பதவிகளைத் திறந்துவிட்டவர் சயீத் பாஷா. அவர் ஆட்சியில் ஒறாபி இருபது வயதளவிலேயே துணைக் கர்னல் நிலையை எட்டினார்.

1863இல் இஸ்மாயில் பாஷா ஆட்சிக்கு வந்ததும் அந்த ஏற்றம் நின்றது. துருக்கிய மரபினருக்கே பதவி உயர்வு கிடைத்தது. எத்தியோப்பியப் போரில் ஒறாபி படைப்போக்குவரத்துப் பணியில் இருந்தார். அப்போர் படுதோல்வியில் முடிந்தது. தகுதியற்றோர் தலைமையில் உழவர் மக்கள் மடிந்த அந்த நிகழ்ச்சி அவருடைய அரசியல் உணர்வுக்கு வித்திட்டது எனக் கருதலாம்.

இதே காலத்தில் எகிப்தின் கருவூலம் கடனில் மூழ்கியது. 1875இல் சூயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளைப் பிரித்தானிய அரசு நாற்பது இலட்சம் பவுனுக்கு வாங்கியது. மறு ஆண்டில் கடன் கொடுத்தோரின் நலன் காக்கும் ஆணையம் அமைந்தது. நாட்டின் வரவுசெலவு பிரித்தானிய, பிரெஞ்சுக் கண்காணிப்பாளர்களின் கைக்குப் போயிற்று. 1879இல் இஸ்மாயில் பதவி நீக்கப்பெற்று அவர் மகன் தவ்ஃபீக் அமர்த்தப்பட்டார். செலவைக் குறைப்பதற்காகப் படையினர் பலர் நீக்கப்பட்டபோது, அச்சுமை உழவர் குடி அலுவலர் மீதே விழுந்தது.

1881 பிப்ரவரியில் ஒறாபி, அலி ஃபஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி ஆகிய மூன்று கர்னல்கள் போர் அமைச்சர் மீது முறையீடு செய்தமைக்காகச் சிறைபிடிக்கப்பட்டனர். அவர்களின் படைப்பிரிவினரே வந்து விடுவித்தனர். செப்டம்பர் 9 அன்று ஒறாபி படையோடு அப்தீன் அரண்மனைச் சதுக்கத்தில் நின்று மூன்று கோரிக்கைகளை முன்வைத்தார். அமைச்சரவை விலக வேண்டும், மக்கள் பேராளர் மன்றம் கூட்டப்பட வேண்டும், படையின் எண்ணிக்கை 18,000 ஆக உயர்த்தப்பட வேண்டும் என்பன அவை. முதலும் மூன்றும் ஒரு படை அலுவலர் எவரும் கேட்கக்கூடியவை. இரண்டாவது கோரிக்கையே அவரை அரசியல் சீர்திருத்தவாதியாக்கியது. வரவுசெலவுத் திட்டத்தின் மீது அந்த மன்றத்திற்கு உரிமை வேண்டும் என்ற வாதம் எழுந்தவுடன் கடன் கொடுத்த இரு வல்லரசுகளும் விழித்துக்கொண்டன.

1882 பிப்ரவரியில் கவிஞரும் படைத்தலைவருமான மஹ்மூது சாமி அல்பாரூதி தலைமையில் அமைச்சரவை அமைந்தது. ஒறாபி போர் அமைச்சரானார். மே மாதத்தில் இரு வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா வந்தன. ஜூன் 11 அன்று அந்நகரில் கலவரம் மூண்டது. ஜூலை 11 அன்று பிரித்தானியக் கப்பல்கள் நகரின் கோட்டைகளைக் குண்டு வீசித் தகர்த்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் அதற்கு முன்பே விலகிவிட்டிருந்தன.

கால்வாயும் போரும்

ஒறாபி செய்த பெரும்பிழை எதுவெனக் கேட்டால் கால்வாயை உரிய நேரத்தில் அடைக்காமையே என்பர். அது நடுநிலைப் பாதை என்றும் அதன் வழியே படை வராது என்றும் லெசெப்ஸ் அளித்த உறுதியை அவர் நம்பினார். ஆகஸ்டு மாதத்தில் ஜெனரல் வூல்சிலியின் படை அக்கால்வாய் வழியாகவே நுழைந்தது. செப்டம்பர் 13 விடியலில் தெல் எல் கபீர் அரண்கள் மீது நடந்த தாக்குதல் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. மறுநாள் கெய்ரோவில் ஒறாபி சரணடைந்தார்.

தமிழ் ஆய்வாளர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. வூல்சிலியின் படையில் இந்தியாவிலிருந்து சென்ற பிரிவும் இருந்தது. அதில் சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினரும் இடம்பெற்றனர். தெல் எல் கபீர் என்ற பெயர் அப்படையின் போர்ச் சிறப்புப் பட்டியலில் உள்ளது. தமிழர் பெருவாரியாகச் சேர்ந்த படை அது. எனவே ஒறாபிக்கும் தமிழுலகிற்கும் ஏற்பட்ட முதல் தொடர்பு போர்க்களத்தில், எதிரணியில் நிகழ்ந்தது. எகிப்திலிருந்து 1879இல் வெளியேற்றப்பட்ட சமாலுத்தீன் அல்ஆப்கானி அப்போது இந்தியாவில் இருந்தார். ஒறாபி எழுச்சி அடங்கும்வரை அவரைக் கல்கத்தாவில் தடுத்துவைத்தது அரசு. எகிப்தில் நடப்பது இந்தியாவில் எதிரொலிக்கும் என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

வழக்கு டிசம்பர் 3 அன்று சில நிமிடங்களில் முடிந்தது. ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரிட் பிளண்ட் தம் செலவில் பிராட்லி என்னும் வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார். முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒறாபி கிளர்ச்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, உடனே நிரந்தர நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. அவரும் அல்பாரூதியும், முன்னர்க் கூறிய இரு கர்னல்களும், மஹ்மூது ஃபஹ்மி, யாகூப் சாமி, துல்பா இஸ்மத் ஆகியோருமாக எழுவர் குடும்பத்தாருடன் மரியோத்திஸ் என்னும் கப்பலில் சூயஸிலிருந்து புறப்பட்டனர். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பை அடைந்தனர்.

சரந்தீபில்

தோற்றவரைக் கடல் கடத்துவது ஆங்கிலேயர்க்குப் புதியதன்று. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் வேலூருக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அதே கண்டிக்கு எகிப்தியத் தலைவர் ஒருவர் பின்னாளில் வந்து சேர்ந்தார். ஆனால் இலங்கையைத் தேர்ந்தபோது அதிகாரிகள் ஒன்றை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆதம் நபி இறங்கிய மண் எனப் பன்னெடுங்காலமாக அரபு மரபில் பேசப்பட்ட சரந்தீபு அது. அங்கே தமிழைத் தாய்மொழியாகவும் அரபை மறைமொழியாகவும் கொண்ட சோனகர் சமூகம் வந்தவர்களை வீரர்களாக வரவேற்றது.

அவர்கள் வந்திறங்குவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 1882 டிசம்பரில், கண்டியில் வழக்கறிஞர் மு. கா. சித்தி லெப்பை முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கியிருந்தார். இது தற்செயல் நிகழ்வு. எனினும் விளைவு பெரிது. கிறித்தவச் சமயப் பரப்புநர் நடத்திய பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய சோனகர் கல்வியில் பின்தங்கியிருந்தனர். ஆங்கிலக் கல்வி வேண்டும், அதனுடன் சமயக் கல்வியும் வேண்டும், பெண்களுக்கும் பள்ளி வேண்டும் என எழுதிய சித்தி லெப்பைக்குப் பழமைவாதிகளிடமிருந்து எதிர்ப்பே மிகுந்தது. அஸ்ஹரில் பயின்ற, அரபைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அக்கருத்தை ஆதரித்து நின்றபோது அந்த எதிர்ப்பின் வலிமை குன்றியது. ஒறாபி தாமும் இலங்கையில் ஆங்கிலம் கற்றார். நாற்பது கடந்தபின், தம்மை வென்றோர் மொழியைப் படிக்க அமர்ந்த அவர் செயல் எந்தச் சொற்பொழிவையும்விட மிகுதியாகப் பேசியிருக்கும்.

1885இல் சித்தி லெப்பை வெளியிட்ட அசன்பே சரித்திரம் தமிழின் தொடக்ககாலப் புதினங்களுள் ஒன்று. அதன் நாயகன் எகிப்தில் பிறந்தவன். கதை எகிப்திற்கும் இந்திய நகரங்களுக்கும் இடையே இயங்குகிறது. ஈழத்துத் தமிழ்ப் புதின வரலாற்றின் தொடக்கத்திலேயே கெய்ரோ இடம்பெற்றதை, அந்நாட்டுத் தலைவர்கள் எழுவர் இலங்கையில் வாழ்ந்த சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பது என் கருத்து. இவ்விடத்தில் இலக்கிய வரலாற்றாசிரியர் நூலின் ஆண்டைக் குறிப்பதோடு நின்றுவிடுவது போதாது.

1892 ஆகஸ்டில் கொழும்பு மருதானையில் அல்மத்ரசத்துல் ஸாஹிரா தொடங்கப்பட்டது. சித்தி லெப்பையும், கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரும் முன்னின்ற அம்முயற்சிக்கு ஒறாபி புரவலராக விளங்கினார். அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பேராசிரியர் கா. சிவத்தம்பி அங்கு மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை நினைக்கும்போது, அப்பள்ளியின் பயன் ஒரு சமூகத்தோடு நிற்கவில்லை என்பது புலனாகும்.

தொப்பியும் மரபும்

ஒறாபியின் வருகை சோனகர் உடையிலும் மாற்றம் கொண்டுவந்தது. துருக்கித் தொப்பி அவர்களிடையே பரவியதற்கு எகிப்தியரே காரணர் என்ற கருத்து நிலவுகிறது. 1905இல் வழக்கறிஞர் மு. கா. அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் தோன்றத் தடை விதிக்கப்பட்டபோது, மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் திரண்டது. ஒறாபி அப்போது இலங்கையில் இல்லை. ஆயினும் அரசாணையை எதிர்த்து அச்சமூகம் ஒன்றுகூடிய முதற்பெரும் நிகழ்ச்சிக்கு அவர் அணிந்திருந்த தொப்பியே பொருளாயிற்று.

இதில் முரண் ஒன்றுண்டு. எகிப்தில் அத்தொப்பி துருக்கிய ஆளும் வகுப்பின் அடையாளங்களுள் ஒன்று. பிறப்பால் உயர்ந்தோர் என்ற அவ்வகுப்பின் செருக்கை எதிர்த்தே ஒறாபி தலையெடுத்தார். இலங்கையிலோ அவருடைய பெருமை அரபுப் பிறப்பின் பெருமையாகக் கொள்ளப்பட்டது. 1880களின் பிற்பகுதியில் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டபோது, மறுத்தோர் அரபு மூலத்தை முன்வைத்தனர். அரபுத் தலைவர் ஒருவர் கண்முன்னே வாழ்ந்தமை அவ்வுணர்வுக்கு ஊக்கம் தந்திருக்க வேண்டும். நாட்டு மக்களுக்கே நாடு என்று போராடியவர், தாம் விரும்பாமலே மரபுவழிப் பிறப்பை அளவுகோலாக்கிய ஒரு விவாதத்தின் பின்புலமானார். இதற்கு அவரைப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆனால் இதனைக் குறிப்பிடாது அவரைப் புகழ்வதும் முறையன்று.

மன்னிப்பும் மறதியும்

கொழும்பின் புழுக்கம் நாடுகடத்தப்பட்டோர்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடல்நலம் கருதி இடம் மாற்றக் கோரி விண்ணப்பங்கள் பல சென்றன. 1891இல் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பில் இறந்தார். மறு ஆண்டில் ஒறாபி கண்டிக்குக் குடிபெயர்ந்தார். எகிப்திய அரண்களை அமைத்த பொறியாளர் மஹ்மூது ஃபஹ்மி 1894இலும் யாகூப் சாமி 1900இலும் இலங்கையிலேயே மறைந்தனர். மனைவியின் இறப்பைத் தொலைவிலிருந்து கேட்டு இரங்கற்பா எழுதிய அல்பாரூதி, கண்ணொளி குன்றிய நிலையில் நாடு திரும்பினார். நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சியை அவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அக்கவிதைகளில் ஒரு பகுதி இலங்கை மண்ணில் எழுந்தது என்பதைத் தமிழ் ஒப்பிலக்கிய ஆய்வாளர் இன்னும் போதிய அளவில் கருதவில்லை.

1901இல் பிரித்தானிய இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், கண்டி வந்தபோது ஒறாபி அவரைக் கண்டு விடுதலை வேண்டினார். அவ்வாண்டே மன்னிப்புக் கிடைத்தது. அறுபது வயதில் எகிப்து திரும்பியவர் பிரித்தானிய நிருவாகத்தைப் பாராட்டிப் பேசினார். முஸ்தபா காமிலைச் சூழ்ந்த இளந்தலைமுறையினர் வெகுண்டனர். கவிஞர் அகமது ஷவ்கி அவரை இகழ்ந்து பாடினார். ஷவ்கி அப்போது கெதீவின் அரண்மனைக் கவிஞர் என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். தம் முன்னோனின் அரண்மனை முன் படை நிறுத்திய உழவனை அந்த அரண்மனை மறந்திருக்கவில்லை.

ஒறாபியின் பேச்சு வருந்தத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பத்தொன்பது ஆண்டுகள் தம் சொல்லுறுதிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர். அரசியல் பேசும் உரிமை பறிக்கப்பட்ட அக்காலத்தில், பேராளர் மன்றம் கேட்ட அதே மனிதர் பள்ளிக்கூடம் கேட்டார். எகிப்தில் நின்று பார்த்தோர் 1882இன் தோல்வியையும் 1901இன் பேச்சையும் கண்டனர். மருதானை அவர்கள் கண்ணில் படவில்லை.

1911 செப்டம்பர் 21 அன்று கெய்ரோவில் அவர் காலமானார். நினைவுக் குறிப்புகளை எழுதி முடித்திருந்தார். பொருள் வளமோ பொதுமதிப்போ எஞ்சியிருக்கவில்லை. 1952இல் உழவர் குடும்பங்களிலிருந்து வந்த படை அலுவலர் பலர் கெய்ரோவில் ஆட்சியைக் கைப்பற்றிய பின்பே எகிப்தியப் பாடநூல்கள் அவரை மீட்டெடுத்தன. கொழும்பிலோ அத்தகைய மீட்பு தேவைப்படவில்லை. மருதானையில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கண்டி ஹல்லோலுவச் சாலையில் அவர் குடியிருந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது.