பெயரை மறைத்த பேரறிஞர்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பழமொழி. இந்த வடபுலத்துப் பல்கலைக் கழகத்திற்கு வந்த பிறகு அதன் பொருளை நான் நாள்தோறும் நினைக்கிறேன். விடுதியில் நாம் ஒரு சிலரே தமிழர். அந்தச் சிலரைப் பார்த்துவிட்டு, தமிழர் எல்லாரும் காப்பியில்லாமல் கண் விழியாதவர், புளியில்லாமல் உண்ணாதவர், கணக்கில் புலிகள் என்று நண்பர்கள் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். என் தேர்வுத் தாள்களைக் கண்டவர் மூன்றாவதை நம்பமாட்டார்!

வேடிக்கை இருக்கட்டும். சிலவற்றைக் கண்டு பலவற்றைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம்? ஐந்தாறு அளவுகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அளவாத கோடி பொருள்களைப் பற்றி முடிவு கூறலாமா? அறிவியல் பயிலும் ஒவ்வொருவரையும் ஆய்வுக்கூடத்தில் எதிர்கொள்ளும் கேள்வி இது. இதற்கு விடை கண்டவர் பல்கலைக் கழகப் பேராசிரியர் அல்லர். பீர் வடிக்கும் ஆலையில் சம்பளத்திற்கு உழைத்தவர். தாம் கண்ட விடையைத் தம் சொந்தப் பெயரில் வெளியிடும் உரிமையும் அவருக்கு இல்லை. ‘மாணவர்’ என்ற பொருள்படும் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் எழுதினார். மாணவர் மன்றத்து மலரில் பேசத்தக்கவர் அவரைவிட வேறு யார்?

வில்லியம் சீலி காஸெட் என்பது அவர் இயற்பெயர். இங்கிலாந்தில் காண்டர்பரி நகரில் 1876 ஆம் ஆண்டு சூன் 13 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் படையில் பொறியியல் பிரிவு அதிகாரி. மகனுக்கும் அந்தப் பிரிவில் சேரவே ஆசை. ஆனால் கண் பார்வை குறைவாக இருந்தது. படைக் கதவு அடைபட்டது. வின்செஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியிலும் பயின்றார். கணக்கில் ஒரு முதல் வகுப்பு. 1899 இல் வேதியியலில் இன்னொரு முதல் வகுப்பு. இரண்டையும் சுமந்துகொண்டு அதே ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கின்னஸ் ஆலை 1759 இல் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் உரிமையாளர் ஒரு புதிய வழியை மேற்கொண்டனர். பரம்பரைக் கைப்பக்குவத்தை மட்டும் நம்பாமல், ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சிறப்பாகத் தேறிய அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு அமர்த்தினர். எந்த வாற்கோதுமை சிறந்தது, எந்த ஹாப்ஸ் பூ நல்லது, ஈஸ்ட் எவ்வளவு ஊற்றவேண்டும் என்பவற்றையெல்லாம் சோதனையால் முடிவு செய்யச் சொன்னார்கள்.

சோதனை செய்வது எளிது. முடிவு செய்வதுதான் அரிது. வாற்கோதுமை ஆண்டுக்கு ஒருமுறை விளைவது. நான்கு வயல்களில் விதைத்தால் நான்கு எண்கள் கிடைக்கும். ஐந்தாவது எண் வேண்டுமானால் அடுத்த அறுவடை வரை காத்திருக்கவேண்டும். அந்த நான்கு எண்களும் ஒன்றுபோல் இரா. ஒரு வயலில் மண் வளம் மிகுதி. இன்னொன்றில் நீர் தேங்கியிருக்கும். புதிய விதை மிகுதியாக விளைந்தது விதையின் சிறப்பா, வயலின் சிறப்பா, வெறும் தற்செயலா?

அந்நாளில் புள்ளியியல் உலகின் மன்னர் இலண்டனில் இருந்த கார்ல் பியர்சன். ஆயிரக்கணக்கான அளவுகளைத் திரட்டி ஆராய்வதே அவர் முறை. ஆயிரம் அளவுகள் இருந்தால் தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். பழைய சூத்திரங்கள் நன்றாகவே பயன்படும். நான்கே அளவுகள் உடையவனுக்கு அந்தச் சூத்திரங்கள் பொருந்துமா என்பது அவருக்குக் கவலை தரும் கேள்வியன்று. காஸெட்டுக்கோ அதுவே வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

1904 இல் காஸெட் தம் ஆலைக்கு ஓர் அறிக்கை எழுதினார். பிழைகளின் விதியை ஆலை வேலைக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். கணித அறிஞர் ஒருவரைக் கலந்து பேசவேண்டும் என்றும் கேட்டார். 1905 சூலையில் பியர்சனைச் சந்தித்தார். பின்னர் 1906–07 இல் ஆலையின் செலவிலேயே இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் தங்கிப் பயின்றார். நுண்ணோக்கியின் அடியில், 400 சிறு கட்டங்கள் கொண்ட கண்ணாடியில் ஈஸ்ட் அணுக்களை எண்ணும்போது நேரும் பிழையைப் பற்றி 1907 இல் முதற் கட்டுரை வெளியிட்டார். ஆலையின் இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதால், ஊழியர் தம் பெயரில் எழுத நிருவாகம் இசையவில்லை. அன்று தொடங்கியது ‘ஸ்டூடண்ட்’ வாழ்வு.

1908 ஆம் ஆண்டு பியர்சனின் பயோமெட்ரிகா இதழில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்தது. சராசரியில் நேரக்கூடிய பிழை எவ்வளவு என்பதே அதன் பொருள். அதற்காக அவர் செய்த சோதனை நம்மைப் போன்ற மாணவர் செய்யக்கூடிய ஒன்று. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரலின் நீளமும் முன்பே அளந்து வெளியிடப்பட்டிருந்தன. ஒவ்வொருவர் அளவையும் ஓர் அட்டையில் எழுதினார். சீட்டுக் கட்டைக் கலைப்பதுபோல நன்றாகக் கலைத்தார். நான்கு நான்காகப் பிரித்தார். 750 சிறு மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் சராசரியைக் கண்டார். எண்கள் அச்சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் கண்டார். கணிதத்தால் தாம் வகுத்த விதி, அட்டைகளால் கிடைத்த விடையோடு நன்றாகப் பொருந்தியது.

அவர் கண்ட உண்மை இதுதான். நான்கு எண்களின் சராசரி மட்டும் தடுமாறுவதில்லை. அவற்றின் திட்ட விலக்கமும் தடுமாறுகிறது. தற்செயலாக நான்கும் நெருங்கி அமைந்துவிட்டால், சிதறலே இல்லை என்று நாம் ஏமாந்துபோவோம். அளவுகோலே ஆடும்போது, அளந்ததை மிக உறுதியாகப் பேசக்கூடாது. எவ்வளவு அடக்கமாகப் பேசவேண்டும் என்பதைக் காஸெட் எண்ணாலேயே கூறினார். இன்றைய முறையில் சொல்வதானால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டுவோர், எண்ணற்ற அளவுகள் இருந்தால் சராசரியின் இருபுறமும் அதன் பிழையைப்போல் 1.96 மடங்கு இடம் விட்டால் போதும். பத்தே அளவுகள் என்றால் 2.26 மடங்கு விடவேண்டும். நான்கே என்றால் 3.18 மடங்கு! அறிவு குறைவாக இருக்கும்போது அடக்கம் மிகுதியாக வேண்டும் என்பதைப் பாட்டி சொன்னால் அறிவுரை. காஸெட் சொன்னால் அட்டவணை.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு சிறு கணக்கைக் காண்போம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில், பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தனர். முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதலாக உறங்கினர், இரண்டாவதால் 2.33 மணி நேரம். (மருந்துகளின் பெயர்கள் அவர் கட்டுரையில் தவறாக அமைந்துவிட்டன என்று பின்வந்தோர் கண்டனர், பெரியோர்க்கும் அடி சறுக்கும்.) ஒவ்வொருவருக்கும் இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிடக் கூட்டித் தந்த மணி நேரம் இது: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4.

பத்தே எண்கள். இவற்றைச் சுருக்கிச் சொல்லுங்கள் என்றால் நாம் என்ன சொல்வோம்? சராசரி 1.58 என்போம். அது போதுமா? வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 1.3 வருகிறது. சராசரி ஏன் அதைவிடப் பெரிது? 4.6 என்ற ஒரே எண் அதைத் தன் பக்கம் இழுக்கிறது. சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள இடைவெளி 4.6. திட்ட விலக்கம் 1.23. சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகிய தொலைவைத் தன்னாலேயே பெருக்கிக் கூட்டினால் 13.6 வரும், அதில் 9.1 அந்த ஒற்றை நோயாளியின் பங்கு!

அப்படியானால் அவரை நீக்கிவிடலாமா? நீக்கிப் பார்ப்போம். மீதி ஒன்பது பேரின் சராசரி 1.24 ஆகக் குறைகிறது. ஆனால் திட்ட விலக்கம் 1.23 இலிருந்து 0.66 ஆகச் சரிந்துவிடுகிறது. சராசரியை அதன் பிழையால் வகுத்தால், பத்துப் பேருக்கு 4.06; ஒன்பது பேருக்கு 5.66. விந்தையைப் பார்த்தீர்களா? மருந்துக்கு மிகவும் சாதகமாக இருந்தவரை நீக்கினால் மருந்தின் மேல் நம் உறுதி கூடுகிறது. அது பொய்யான உறுதி. நாம் சிதறலை மறைத்து வாங்கிய உறுதி. காஸெட் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டே கணக்கிட்டார். இரண்டாம் மருந்தே மேல் என்பதற்கு, ஒன்றுக்கு 666 என்ற அளவில் பந்தயம் கட்டலாம் என்று கண்டார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஐந்து முறை அளந்து, ஒத்துவராத ஒன்றை விட்டுவிட்டு, நான்கை மட்டும் ஏட்டில் எழுதிய பாவம் எனக்கும் உண்டு. அன்று என் ஏடு அழகாக இருந்தது, உண்மையாக இல்லை. மேற்கண்ட கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த இரவில்தான் அந்த அழகின் விலை எனக்கு விளங்கியது.

காஸெட்டின் கட்டுரையை அறிஞர் உலகம் உடனே கொண்டாடவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் பயின்ற ஓர் இளைஞர் அதைப் படித்தார். 1912 இல் அவர் காஸெட்டுக்கு எழுதி, அந்த விதிக்குப் பல பரிமாண வடிவ கணிதத்தால் முழுமையான நிறுவலை அனுப்பினார். அவரே பின்னாளில் புகழ்பெற்ற ரொனால்டு பிஷர். சூத்திரத்தை ‘டி’ என்னும் வடிவிற்கு மாற்றி, 1925 இல் தாம் எழுதிய நூலின் வழி ஆய்வாளர் அனைவர் கைக்கும் கொண்டு சேர்த்தவர் அவரே. பியர்சனும் பிஷரும் ஒருவரையொருவர் காணப் பொறுக்காதவர். காஸெட்டோ இருவருக்கும் நண்பர், இருவரிடமும் கற்றவர், பிஷரோடு கருத்து மாறுபட்டபோதும் நட்பை முறித்துக்கொள்ளாதவர். வயல் சோதனைகளில் விதைகளுக்கு உரிய இடத்தைச் சீட்டுப்போட்டு ஒதுக்குவதா, திட்டமிட்டுச் சமன்செய்து ஒதுக்குவதா என்பது அவர்களுக்குள் இறுதிவரை நீடித்த வழக்கு. அதுபற்றிக் காஸெட் எழுதிய கட்டுரை அவர் மறைந்த பின், 1938 இல் வெளிவந்தது.

ஆலை வேலையை அவர் விடவில்லை. பகலில் வாற்கோதுமையும் பீரும். மாலையில் கணக்கும் கடிதங்களும். 1906 இல் மார்ஜரி என்னும் அம்மையாரை மணந்தார். ஒரு மகனும் இரு மகளிரும் பிறந்தனர். தச்சு வேலை, படகு கட்டுதல், மீன் பிடித்தல், தோட்டம் ஆகியவற்றில் பெருவிருப்பம் உடையவர். 1934 இல் மோட்டார் விபத்தில் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களையும் புள்ளியியலுக்கே செலவிட்டார். 1935 இல் இலண்டனில் எழுந்த புதிய கின்னஸ் ஆலையின் பொறுப்பை ஏற்றார். 1937 அக்டோபர் 16 ஆம் நாள், 61 ஆம் வயதில், மாரடைப்பால் மறைந்தார். 1942 இல் அவர் கட்டுரைகள் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அட்டையில் அப்போதும் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரே!

இன்று கணிப்பொறி ஒரு நொடியில் ‘டி’ கணக்கைப் போட்டுவிடுகிறது. மருந்து ஆய்வு முதல் மண் ஆய்வு வரை அவர் முறை இல்லாத துறை அரிது. ஆயினும் எந்த எண்ணை உள்ளே இடுவது, எதை மறைப்பது என்பதைக் கணிப்பொறி தீர்மானிப்பதில்லை, நாம் தீர்மானிக்கிறோம்.

மீண்டும் நம் சோற்றுப் பானைக்கு வருவோம். ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த சோறு ஆதலால் ஒன்றைப் பார்த்தால் ஓரளவு போதும். ஆனால் காஸெட் வந்து நின்றால், இன்னும் மூன்று நான்கு பருக்கைகளை எடுக்கச் சொல்வார். ஒரு பருக்கையிலிருந்து சிதறல் தெரியாது. சிதறல் தெரியாமல் உறுதி பிறக்காது. வெந்ததும் வேகாததும் கலந்து கைக்கு வந்தால் இரண்டையும் சொல்லிவிடவேண்டும்.

நண்பர்களே, நாளை உணவுக்கூடத்தில் யாரேனும் நம்மில் ஒருவரைப் பார்த்துத் தமிழர் அனைவரையும் எடைபோட்டால், சினம் கொள்ளாதீர்கள். மாதிரி சிறிது என்று மட்டும் சொல்லுங்கள். நாமும் ஒரு வடநாட்டாரைக் கண்டு எல்லாரையும் எடைபோடும் வேளையில், அதே சொல்லை நமக்கும் சொல்லிக்கொள்வோம்.