பத்மநாபதாசரின் ஓய்வு

கேரளத்தில் மே மாதம் 31 ஆம் நாளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. முற்காலத்தில் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்குவதற்கு ஏற்றவாறு மே மாதத்தில் ஏதாவது ஒரு தேதியைப் பிறந்த நாளாகப் பதிவு செய்துவிடுவார்கள். அதன் விளைவாக, ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் அந்த ஒரே நாளில் பணி ஓய்வு பெறுகின்றனர். அன்று மாலை திருவனந்தபுரத்தின் தம்பானூர் பேருந்து நிலையத்திற்கும், அதன் எதிரே உள்ள ரயில் நிலையத்திற்கும் பிரிவுபசார மாலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்பவர்கள் பலர். மறுநாள் ஜூன் 1. பேரப்பிள்ளைகள் புதுச் சீருடையில் பள்ளிக்குப் புறப்படுவார்கள். வீட்டில் செல்லுமிடம் இல்லாதவர் அவர் ஒருவரே.

ஓய்வூதியம் வருகிறது, உடலில் வலு இருக்கிறது. ஆயினும் மனம் எதையோ இழந்து தவிக்கிறது. நேற்றுவரை எழுந்து நின்று வணங்கியவர் இன்று சாலையில் கண்டும் காணாமல் போகிறார். ‘நான் யார்?’ என்ற கேள்வி வேதாந்த வகுப்பில் எழுவதைவிடக் கூர்மையாக அப்போது எழுகிறது.

இந்தத் தம்பானூரோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவர், இத்தகைய ஓய்வை மிகப் பெரிய அளவில் சந்திக்க நேர்ந்தது. அவர் திருவிதாங்கூரின் கடைசி மகாராஜாவான ஸ்ரீசித்திரைத் திருநாள் பலராமவர்மா. தம்பானூர் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1931 நவம்பர் 4 ஆம் நாள். அதற்கு இரண்டு நாட்கள் கழித்து, நவம்பர் 6 ஆம் நாள் அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1938 பிப்ரவரி 20 ஆம் நாள் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் அனுபவம் பெற்ற சால்ட்டர் என்ற ஆங்கிலேயர் அந்தத் துறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். முதல் பேருந்தை அவரே ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தினரும் பயணிகளாக அமர்ந்து கவடியார் வரை சென்றனர்.

மகாராஜா பிறந்தது 1912 நவம்பர் 7. 1924 இல் மூலம் திருநாள் மகாராஜா மறைந்தபோது இவருக்கு வயது பன்னிரண்டுகூட நிறையவில்லை. எனவே ஏழு ஆண்டுகள் சேது லட்சுமிபாய் மகாராணி இவர் சார்பில் ஆட்சி செய்தார். 19 வயது நிறையும் தருணத்தில் பொறுப்பேற்ற இளைஞர், ஐந்தே ஆண்டுகளில், 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். நெருங்கக்கூடாதவர்கள் என்று வீதியில்கூடத் தடுக்கப்பட்ட மக்கள், அதன்பின் கருவறைக்கு எதிரே நின்று தொழுதனர். 1937 இல் பல்கலைக்கழகம், 1940 இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் என்று பணிகள் வளர்ந்தன. 1944 இல் மரண தண்டனை நீக்கப்பட்டது.

நிழலான பக்கமும் உண்டு, அதை மறைப்பது முறையாகாது. 1946 இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு அவரது ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்தது. 1947 இல் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்ததும் அவரது ஆட்சியின் பெயரில்தான். ஜூலை 25 அன்று திவான் தாக்கப்பட்டார். சில நாட்களில் மகாராஜா இந்திய யூனியனோடு இணைய இசைந்தார்.

இனிமேல்தான் நமது விஷயம் தொடங்குகிறது.

நமக்கெல்லாம் ஓய்வு ஒரே நாளில் வருகிறது. அவருக்கு அது தவணை தவணையாக வந்தது. 1948 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் மக்களாட்சி அமைச்சரவை பொறுப்பேற்றபோது அதிகாரம் போயிற்று. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது நாடு போயிற்று. அரசர் என்ற நிலை மாறி, அவர் ராஜபிரமுகர் ஆனார். 1956 அக்டோபர் 31 அன்று அந்தப் பதவியும் முடிந்தது. மறுநாள் பிறந்த கேரள மாநிலத்திற்கு ஆளுநர் வந்தார். அப்போது மகாராஜாவுக்கு 44 வயதுகூட நிறையவில்லை. 1971 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 26 ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் பட்டத்தையும் மானியத்தையும் நீக்கியது. ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் என உறுதி செய்யப்பட்டிருந்த மானியம் நின்றது. சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு சாதாரணக் குடிமகன் ஆனார்.

1956 நவம்பர் 1 அன்று இன்னொன்றும் நடந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் கல்குளம் தாலுகாவில் உள்ளது. முன்னோர் வாழ்ந்து ஆண்ட ஊர் ஒரே நாளில் மற்றொரு மாநிலத்திற்குப் போய்விட்டது. அங்கு வாழ்ந்த தமிழர்களுக்கு அது நீண்ட போராட்டத்தின் வெற்றி. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றொருவருக்கு இழப்பாகவும் அமைவது உலகியல்பு.

இத்தனை இழப்புகளையும் அவர் எப்படித் தாங்கினார்? விடையைத் தேட 1750 ஜனவரிக்குச் செல்ல வேண்டும்.

திருவிதாங்கூரை விரிவுபடுத்திய மார்த்தாண்டவர்மா, அந்த மாதத்தில் ஒரு நாள் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சென்று, உடைவாளை இறைவனின் முன் வைத்து, நாட்டையே அவருக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். பிறகு அந்த வாளைப் பத்மநாபதாசராக, அதாவது இறைவனின் வேலைக்காரராகத் திரும்பப் பெற்றார். அன்றுமுதல் நாட்டின் அரசர் அனந்தசயனத்தில் இருப்பவரே. அரண்மனையில் இருப்பவர் அவருக்காகக் கணக்குப் பார்ப்பவர். பரதன் பாதுகைகளைச் சிங்காதனத்தில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் அயோத்தியைக் காத்தது நமக்குத் தெரியும். திருவிதாங்கூரில் அந்த ஏற்பாடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடந்தது.

இதில் அரசியல் தந்திரமும் இருந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். இறைவனின் நாட்டை எதிர்ப்பது இறைவனையே எதிர்ப்பதாகும் அல்லவா? அந்தக் கருத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் ஓர் ஏற்பாடு எந்த நோக்கத்தோடு தொடங்கினாலும், அதை மெய்யென்று நம்பி வாழும் ஒருவர் பின்னாளில் பிறக்கக்கூடும். சித்திரைத் திருநாள் அப்படிப்பட்டவர்.

அவர் அதை எந்த அளவு மெய்யாகக் கொண்டார் என்பது 1949 இல் தெரிந்தது. ராஜபிரமுகராகப் பொறுப்பேற்பவர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பத்மநாபனுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்ட வேலைக்காரன், இன்னொரு உறுதிமொழியை எப்படி ஏற்பது என்று மகாராஜா தயங்கினார். அதைவிட அரச பதவியைத் துறப்பதே மேல் என்பது அவரது நிலை. இணைப்புப் பணிகளைக் கவனித்துவந்த வி. பி. மேனன் அதன் ஆழத்தைப் புரிந்துகொண்டார். உறுதிமொழி இல்லாமலே அவர் பொறுப்பேற்க வழி செய்யப்பட்டது. அதிகாரம் குறைவதைப் பற்றி அவர் அவ்வளவு வாதாடவில்லை. வேலைக்காரன் என்ற நிலைக்குப் பங்கம் வரக்கூடாது என்பதில்தான் உறுதியாக நின்றார். பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் திருவிதாங்கூர் அரசரிடமே இருக்கும் என்றும் அந்த இணைப்பு ஒப்பந்தம் வகை செய்தது.

ஆகவே 1956 நவம்பர் 1 ஆம் நாள் காலையிலும் அவருக்குச் செல்ல ஓர் இடம் இருந்தது.

பத்மநாபதாசர் ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் கோயிலுக்குச் சென்று தரிசனம் செய்ய வேண்டும் என்பது குலமரபு. தவறினால் அபராதம் கட்ட வேண்டும். பன்னீராயிரத்து எட்டு சாளக்கிராமங்களைக் கொண்டு அமைத்த அந்தப் பதினெட்டு அடித் திருமேனியை ஒரே வாயிலில் முழுதும் காண முடியாது. ஒரு வாயிலில் திருமுகம், நடு வாயிலில் உந்திக் கமலம், மூன்றாவதில் திருவடிகள். எதிரே ஒரே கல்லால் ஆன மண்டபம். அங்கே கிடத்தப்படும் எதுவும் இறைவனுக்கே உரியதாகிவிடும் என்பதால் மற்றவர்கள் அங்கு விழுந்து வணங்குவதில்லை. ஏற்கெனவே அவருக்கு உரியவரான பத்மநாபதாசர் மட்டும் வணங்கலாம். தரிசனம் முடிந்து வெளியேறும்போது, இறைவனின் சொத்து தம்மோடு வந்துவிடலாகாது என்று காலில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டு வருவது அரச குடும்பத்தினரின் வழக்கம்.

பதவியில் இருந்த காலத்தில் அந்தக் காலை வேளை நாளின் தொடக்கமாக இருந்தது. பதவி போனபின் அதுவே நாளைத் தாங்கும் தூணாயிற்று. கவடியாரிலிருந்து கிழக்குக் கோட்டைக்கு வரும் பெருவழியில், தம்பானூரில் இறங்கி அலுவலகம் செல்லும் கூட்டத்தினிடையே அவரது காரும் சென்றது. அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தது அரசாங்க ஆணையன்று. அதனால் அரசாங்க ஆணை எதுவும் அதை எடுத்துவிடவும் இல்லை.

ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பள்ளிவேட்டையன்று அவர் இறைவனின் சார்பில் அம்பு எய்வார். மறுநாள் ஆராட்டு. பச்சைப் பட்டுத் தொப்பி அணிந்து, உருவிய வாளுடன், உற்சவ மூர்த்திகளுக்கு முன்னால் சங்குமுகம் கடற்கரை வரை நடந்தே செல்வார். வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. ஊர்வலம் கடந்து செல்லும்வரை விமானங்கள் நிறுத்தி வைக்கப்படும். நவராத்திரியில் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்வது 1956 க்குப் பின்னும் நிற்கவில்லை. எல்லைக்கோடு நடுவில் வந்தது, தெய்வங்கள் அதைக் கடந்து வந்தன. அவர் வரவேற்றார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அரண்மனையும் செல்வமும் உடைய ஒருவரது ஓய்வை, ஓய்வூதியத்தில் மருந்து வாங்கும் நம்மோடு ஒப்பிடலாமா? நியாயமான கேள்விதான். பணக் கவலை அவருக்கு நம்மைப் போல் இருந்திராது. ஆனால் ஓய்வு பெற்றவரை உள்ளே அரிப்பது பணக் கவலை மட்டுமன்று, மதிப்பை இழந்தோம் என்ற எண்ணம். அந்த இழப்பில் அவருடையது நம்முடையதைவிடப் பெரிது. பல முன்னாள் மன்னர்கள் தேர்தலில் நின்று வேறு வழியில் அதிகாரத்தைத் தேடினர். அது குற்றமன்று, சிலர் நல்ல பணியும் செய்தனர். சித்திரைத் திருநாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தாம் தொடங்கிய பல்கலைக்கழகம் பெயர் மாறிக் கேரளப் பல்கலைக்கழகம் ஆனதையும், தாம் பயணித்த பேருந்துத் துறை மாநிலக் கழகமானதையும் விலகி நின்று பார்த்தார்.

விலகி நின்றார் என்பதற்கு, கைகட்டி இருந்தார் என்பது பொருளன்று. 1973 இல் அரச குடும்பம் ஒரு பன்மாடிக் கட்டடத்தை மருத்துவப் பணிக்காக அரசுக்கு அளித்தது. பட்டமும் மானியமும் பறிபோய் அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1976 இல் அங்கே ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ மையம் செயல்படத் தொடங்கியது. 1980 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. வெளிநாட்டு இதய வால்வுகளை வாங்க இயலாத நோயாளிகளை மனத்தில் கொண்டு, அங்குள்ள அறிஞர்கள் நமது நாட்டிலேயே ஒரு செயற்கை வால்வை உருவாக்கினர். பல முயற்சிகள் தோற்றபின், 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

அந்தச் செய்தி வந்தபோது மகாராஜாவுக்கு வயது 78. அடுத்த ஆண்டு, 1991 ஜூலை 20 ஆம் நாள், அவர் காலமானார். ஆட்சியிலும் பதவியிலும் இருந்தது 25 ஆண்டுகள், அதன்பின் வாழ்ந்தது ஏறத்தாழ 35 ஆண்டுகள். திருமணம் செய்துகொள்ளாத அவருக்குப் பிறகு, பத்மநாபதாசர் என்ற பொறுப்பு தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்டவர்மாவிடம் வந்தது. அப்போது தம்பிக்கு வயது 69. அந்த வயதில் அவர் தினமும் காலையில் கோயிலுக்குச் செல்லும் வேலையை ஏற்றுக்கொண்டார். 2013 டிசம்பரில், தமது 91 ஆம் வயதில் மறையும்வரை அதைச் செய்துவந்தார்.