யாழ் தேடிய துறவி

திருக்கோணமலைத் துறைமுகத்திலே, கப்பலினின்றும் கரைக்கு இழுத்துக் கட்டிய வடம் வாடைக்காற்று வீசும் நாள்களில் தாழ்ந்த குரலில் உறுமுவதை இவ்வூரார் நன்கு அறிவர். வடம் தளர்ந்தால் அவ்வோசை தாழும்; இறுகினால் உயரும். சிறுவரும் அறிந்த இவ்வுண்மையைக் கணக்கிலே வடித்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்னே வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியை மீட்டெடுக்க முயன்ற பெரியார் ஒருவர் இந்நகரிலும் வாழ்ந்து பணிபுரிந்தார். அவரே விபுலாநந்த அடிகளார்.

கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகத் தோன்றிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகியம்மன் கோயில் கொண்ட ஊர். வைகாசிக் குளிர்த்தி விழாவிலே கண்ணகி கதையைப் பாடக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரம் வெறும் பாடநூலாவதில்லை. பிற்காலத்தே அவர் தம் பெருநூலுக்கு அக்காப்பியத்தையே கருவாகக் கொண்டமைக்கு இளமையின் சூழலும் ஒரு காரணம் என்று கருதுவது பிழையாகாது.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்றபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலே தேறினார். அதே ஆண்டிற் கொழும்பிலே விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார். அடுத்து யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைவரானார். பண்டிதரென்றால் விஞ்ஞானத்துக்கு அஞ்சுபவர், விஞ்ஞானியென்றால் ஏட்டுக்கு அஞ்சுபவர் என்று இருந்த காலத்தில் இரண்டிலும் ஒருவரே கால் ஊன்றி நின்றார். இதை மனத்திற் கொள்ளாமல் யாழ்நூலைத் திறப்பவர் முதற் பத்துப் பக்கங்களிலேயே இடர்ப்படுவர்.

1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924 இல் துறவு பூண்டு விபுலாநந்தரானார். ஈழம் மீண்டபின் அவர் கைக்கு வந்த பணிகளுள் ஒன்று, 1925 இல் இராமகிருஷ்ண சங்கத்தின் ஆளுகைக்கு உட்பட்ட திருக்கோணமலை இந்துக் கல்லூரி. அதன் முகாமையாளராகவும் சில காலம் தலைமையாசிரியராகவும் அவர் தொண்டாற்றினார். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதும் அக்காலத்தேதான். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது.

இனி யாழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணங் கூறும் பகுதி இருபத்தைந்து அடிகளே. அவ்விடத்தை வகுப்பிலே நடத்தும் எம்போன்றோர் செய்வது யாது? யாழ் என்பது நரம்புக் கருவி என ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த காதைக்கு விரைவோம். யானும் பல்லாண்டு அவ்வாறே விரைந்தவன். அடிகளார் விரையவில்லை. அந்த இருபத்தைந்து அடிகளுக்குப் பொருள் காணப் புகுந்தவர் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகளை அவற்றிலேயே செலவிட்டார்.

இடர்ப்பாடு சிறிதன்று. கருவி இல்லை, அதனை மீட்டக் கேட்ட செவியும் இல்லை. உரையாசிரியர்கள் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண் கூறுகின்றனர். வடிவத்தை வரைந்து காட்டினாரில்லை. யாழும் வீணையும் ஒன்றே என்று கருதியோரும் இருந்தனர். வீணையில் ஒரே தந்தியை மெட்டின்மேல் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். வில்போல் வளைந்த கோட்டையுடைய யாழிலோ ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. எத்தனை நரம்பு கட்டினாயோ அத்தனை சுரமே உன் கையில் உண்டு. ஆகவே எண்ணைத் தெரிந்தெடுத்தலும், எந்த நரம்பைக் குரலாகக் கொள்வது என்று தேர்தலும் யாழ் வல்லானுக்கு உயிர் போன்றவை. அடிகளார் அமராவதிச் சிற்பங்களை நோக்கினார். வில் வடிவான இத்தகைய கருவி சமுத்திரகுப்தனின் பொற்காசிலும் காணப்படுகின்றது. பர்மாவில் சவுங் என்ற பெயரோடு இன்றும் வாழ்கின்றது. இவற்றை உடன்வைத்து நோக்குவார்க்கு யாழ் வேறு, பிற்கால வீணை வேறு என்பது ஐயமின்றி விளங்கும்.

கருவியைத் தேர்வது பற்றி நம் முன்னோர் கொண்ட கவலை வியப்புக்குரியது. கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு எனத் தகுதியான மரங்களை வகுத்தனர். சீவக சிந்தாமணியிலே, காந்தருவதத்தையோடு இசைப்போரிட வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகின்றான். ஒன்று நீரிற் கிடந்து அழுகிய மரம், ஒன்று இடி விழுந்த மரம், ஒன்று வாள் பட்டது, ஒன்று நெருப்புண்டது. நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மறைந்த மயிரையும் எடுத்துக் காட்டுகின்றான். இன்றைய கடைகளில் கருவி வாங்குவோர் இதனைப் படித்துச் செல்வது நலம்.

மேனாட்டு இசைக்குழுவில் ஒருவர் நின்றபடி அணைத்து வாசிக்கும் டபிள் பேஸ் என்னும் பெருங்கருவியைப் பலர் கண்டிருப்பர். அதன் முழு உயரம் ஏறத்தாழ ஆளுயரம் இருக்கும். நான்கு தந்திகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, நம் குரலுக்கும் உழைக்கும் உள்ள 4:3 என்ற விகிதமே. அத்துணைப் பெரிய பெட்டி எதற்கு? தாழ்ந்த சுரத்தைக் காற்றிலே பரப்பச் சிறு பெட்டிக்கு வலிமை போதாது. பேரியாழுக்குப் பெரும் பத்தர் வேண்டியதும் இதனாலேயே. பெட்டியை நீக்கி, தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கியால் முழக்கும் வகையும் அக்கருவிக்கு இப்போது உண்டு. தூக்கிச் செல்ல எளிது என்பர். பத்தரின் குரல் அதில் இல்லை என்று வருந்துவோரும் உளர். என் செவி பின்னவர் பக்கமே சாய்கின்றது.

அடிகளாரின் தனித்திறம் கணக்கிலே விளங்குகின்றது. நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வு இருமடங்கு. இழுவிசை நான்கு மடங்கானாலும் அதிர்வு இருமடங்கே. இவற்றைக் கையிற் கொண்டு பழந்தமிழ் அலகுகளை ஆராய்ந்தார். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. கருணாமிர்த சாகரம் இயற்றிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 22 என்பதை மறுத்து 24 என வாதிட்டவர். அவருடைய உழைப்பும் எளிதன்று. தமிழிசை ஆராய்ச்சிக்கு வழி வெட்டியவர் அவரே. எனினும் அடிகளார் 22 இலேயே உறுதியாக நின்று, ஒவ்வோர் அலகுக்கும் விகிதம் கண்டார். இவ்விடத்தில் அறிஞரிடை வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கணிதம் அறியாத யான் நடுவராக அமர விரும்பவில்லை.

1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் தளர்ந்துகொண்டே வந்தது, நூலோ முடிந்தபாடில்லை. பாயிரவியலில் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள். கணக்குகளும் அட்டவணைகளும் நிறைந்த நூலை அச்சேற்றப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. நாச்சாந்துபட்டிச் சிதம்பரம் செட்டியார் பொருள் உதவ, கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட முன்வந்தது.

1947 ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. மாதவி அரங்கேறிய காதையிலிருந்து பிறந்த நூல், தானும் அரங்கேற்றம் கண்டது. ஊர்வலத்தில் ஏட்டை மட்டும் சுமந்து வரவில்லை. அடிகளார் கணக்கிட்டு அமைத்த முளரியாழும் பிற கருவிகளும் உடன் வந்தன. அவையில் யாழ் மீட்டப்பட்டது. எழுத்தில் மட்டும் கிடந்த சுரங்களை, நோயுற்ற அத்துறவி அன்று தம் செவியாற் கேட்டார்.

அதன்பின் அவர் வாழ்ந்தது ஒன்றரைத் திங்களே. 1947 சூலை 19 இற் கொழும்பிலே மறைந்தார். திருமேனியைக் கிழக்கிலங்கைக்குக் கொண்டு சென்று, கல்லடி உப்போடையில் அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர். அண்மைக் காலத்திற் சென்னையில் இளைஞர் சிலர் பழைய முறையில் மரம் குடைந்து யாழ் செய்து மேடையில் இசைத்து வருகின்றனர்.