ஹாம்லெட்டைத் தமிழ் பேச வைத்த வக்கீல்

வடசென்னையில் துறைமுகத்தை ஒட்டி ஜார்ஜ் டவுன் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே ஆச்சாரப்பன் தெருவில் 1873-ம் ஆண்டு ஒரு பிள்ளை பிறந்தான். பெயர் சம்பந்தம். பின்னாளில் பம்மல் சம்பந்த முதலியார் என்று நாடே அறிந்த பெயர் அது.

வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. பையன் ஆங்கில நாடகங்களை ஆசையோடு படித்தான். தமிழ் நாடகம் என்றாலோ அவனுக்கு ஏளனம்!

அது அவன் குற்றம் மட்டும் அல்ல. அக்காலத்தில் நாடகம் விடிய விடிய நடக்கும். பேச்சு குறைவு, பாட்டு அதிகம். நடிப்பவனைக் கூத்தாடி என்று இகழ்வார்கள். கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகத்தைச் சம்பந்தம் பார்த்தார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையில் நின்று நடித்தார்கள். தமிழில் மட்டும் ஏன் முடியாது? அதே ஆண்டு ஜூலை முதல் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டுதான்!

படித்து வக்கீலானார். பகலில் கோர்ட்டு, இரவில் ஒத்திகை. ஊர் பேசியதைப் பொருட்படுத்தவில்லை.

ஷேக்ஸ்பியரை அவர் தமிழாக்கிய விதம் வேடிக்கையானது. கதை அப்படியே இருக்கும். பெயரும் காதுக்கு ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும். ஆனால் ஆட்கள் நம்மவர்கள்! டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மாக்பெத் மகபதி ஆனான். சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனான். வெனிஸ் நகரம் வாணிபுரம் ஆயிற்று. அந்த ஊர் வியாபாரியின் கதை 'வாணிபுர வணிகன்' என்று மேடை ஏறியது. தகப்பனைக் கொன்ற சிற்றப்பனைப் பழிவாங்கத் துடிக்கும் பிள்ளையின் துயரம், ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாதவருக்கும் புரிந்தது.

அமலாதித்யனாக அவரே நடித்தார். பெண் வேடங்களில் நண்பர் ரங்கவடிவேலு புகழ் பெற்றார். அவரும் வக்கீல்தான்! காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபாவில் வேடம் கட்டியவர். கூத்தாடி என்ற இகழ்ச்சி இவர்களிடம் எடுபடுமா?

சம்பந்தம் பிறகு ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார். எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல். அவருடைய 'சபாபதி' 1941-ல் படமாகி ஊரையே சிரிக்க வைத்தது. 'மனோகரா' 1954-ல் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்தது. அந்தக் கதையை அவர் எழுதியபோது சிவாஜி பிறக்கவே இல்லை.

1959-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1964 செப்டம்பர் 24-ந் தேதி, தம் 91-வது வயதில் காலமானார்.