ஸ்பிட்பயர் விமானத்தை வகுத்த மிட்செல்

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பிரிட்டனுடைய ஆகாயத்தைக் காத்த விமானங்களுள் ஸ்பிட்பயர் என்பதன் பெயரைக் கேளாதார் நம் மாணவருள் அரியர். அதில் ஏறிப் போர் புரிந்த இளைஞரின் வீரத்தை நூல்களும் திரைப்படங்களும் பலவாறு புகழ்ந்துள்ளன. அதனை வகுத்தவரோ, அது ஒரு படைப்பிரிவிலேனும் சேருமுன்னரே, தம் 42-ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். ரெஜினால்டு ஜோசப் மிட்செல் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை இயன்றவரை சுருக்கமாகக் கூற முன்வருகின்றோம்.

இங்கிலாந்தின் ஸ்டாபர்ட்ஷையர் ஜில்லாவில் பட் லேன் என்ற சிற்றூரில் 1895-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி மிட்செல் பிறந்தார். தந்தையார் ஆசிரியத் தொழில் புரிந்து, பின்னர் அச்சுத் தொழிலில் இறங்கியவர். மிட்செல் வளர்ந்தது மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் நகர்ப் பகுதியில். ஹான்லி உயர்தரப் பள்ளியில் வாசித்த காலத்திலேயே மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுவதில் அவருக்குத் தீராத ஆசை. 16 வயதில் பள்ளியை விட்டு, கெர் ஸ்டூவர்ட் என்னும் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். பகலெல்லாம் எண்ணெயும் கரியும் படிந்த கைகளோடு உழைத்து, மாலையில் இராப்பள்ளிக்குச் சென்று கணிதமும் யந்திர வரைபடமும் கற்றார். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் வாசித்துப் பட்டம் பெற்றவரல்லர். கல்லூரிச் சஞ்சிகை ஒன்றில் இதனை எழுதுங்கால் நமக்குச் சிறிது கூச்சம் உண்டாவது உண்மையே.

1917-இல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தையடுத்து இட்சன் ஆற்றங்கரையில் இருந்த சூப்பர்மரீன் விமானத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. மறு ஆண்டு, தம்மினும் 11 வயது மூத்தவரும் பள்ளித் தலைமையாசிரியையுமாகிய பிளாரன்ஸ் டேசன் என்ற மாதரசியை மணந்தார். 1919-இல், 24-ஆம் வயதிலேயே, விமானங்களை வகுக்கும் பகுதிக்குத் தலைவரானார். கூச்ச சுபாவமும் இலேசான திக்குவாயும் உடையவர். ஆயினும் வரைபடப் பலகையின்மீது குனிந்து சிந்தித்துக்கொண்டிருக்கையில் யாரேனும் குறுக்கிட்டால் சினம் பொங்கிவிடும். அவர் நிமிர்ந்து பாராவிடில் சத்தமின்றித் திரும்பிவிடுவதே நலம் என்பதை உடன் வேலை செய்தோர் விரைவில் கற்றுக்கொண்டனர்.

அக்காலத்தில் ஷ்னைடர் கோப்பை என்றொரு கடல் விமானப் பந்தயம் நடந்துவந்தது. தேசங்கள் தம் மானத்தைப் பணயம் வைத்து அதிற் போட்டியிட்டன. 1922-இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் இத்தாலி வென்றிருந்தால் கோப்பை என்றென்றைக்கும் அதற்கே உரியதாகியிருக்கும். மிட்செல் சீர்திருத்திய சீ லயன் விமானம் மணிக்கு 145 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து அதனைத் தடுத்தது. 1925-இல் அவர் வகுத்த எஸ்-4 என்னும் நூதன விமானம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பந்தயத்துக்கு முன்னரே நீரில் வீழ்ந்து நொறுங்கியது. அதனை ஓட்டிய பையார்ட் தெய்வாதீனமாய் உயிர் தப்பினார். 1927-இல் வெனிஸ் நகரில் எஸ்-5 வென்றது. எனினும் மறு ஆண்டே வேகப் பரீட்சை ஒன்றில் அவ்வகை விமானம் கடலில் வீழ, கின்கெட் என்ற வீரர் மாண்டார். தம் காகிதக் கோடுகளை நம்பிப் பிறர் உயிர் ஆகாயத்தில் தொங்குகிறது என்னும் நினைவு மிட்செலை என்றும் விட்டகலவில்லை. அவருடைய சரித்திரம் முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே என்பது நம் கருத்து.

1929-ஆம் வருஷத்துப் பந்தயத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். யந்திரங்களைப் பேணும் தொழிலாளரைப் பற்றிச் சரித்திரங்கள் பேசுவது அபூர்வமன்றோ! கால்ஷாட் கடற்கரையில் பந்தயத்துக்கு முந்திய நாள், வாக்ஹார்ன் ஓட்டவேண்டிய எஸ்-6 விமானத்தின் பொறிக்கட்டைகளை மாற்றுகையில், ஒன்றன்மேல் சிறு வெள்ளை உலோகத் துணுக்கு ஒட்டியிருப்பதை ஒரு தொழிலாளர் கண்டார். பிஸ்டன் ஒன்று கெட்டுவிட்டது என்பதற்கு அது சான்று. எஞ்சினை மாற்றப் பந்தய விதி இடங்கொடாது, உறுப்புக்களை மாற்றலாம். டெர்பி நகரத்து ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் தொழிலாளர் சிலர் வேடிக்கை பார்க்க வந்து சவுத்தாம்ப்டன் விடுதிகளிற் தங்கியிருந்தனர். நள்ளிரவில் அவர்களைத் தேடிப்பிடித்து எழுப்பினர். விடியுமுன் சிலிண்டர்த் தொகுதி ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்டி முடித்தார்கள். அன்று வாக்ஹார்ன் மணிக்கு 328 மைல் வேகத்தில் வெற்றி பெற்றார். அதிலும் ஒரு வேடிக்கை: சுற்றுக்களின் எண்ணிக்கையை மறந்து, பந்தயம் முடிந்ததறியாமல் மேலும் ஒரு சுற்றுப் பறந்தவர், பெட்ரோல் தீர்ந்து கடலில் இறங்கித் தாம் தோற்றதாகவே எண்ணி வருந்தியிருந்தாராம்!

1931-இல் அரசாங்கம் பொருளுதவ மறுத்தது. ஹூஸ்டன் சீமாட்டி 1,00,000 பவுன் கொடுத்துதவ, எஸ்-6பி விமானம் பந்தயத்தை வென்று கோப்பையைப் பிரிட்டனுக்கே நிலையாக்கியது. அதே செப்டம்பரில் ஸ்டெயின்போர்த் அவ்வகை விமானத்தை மணிக்கு 407 மைலுக்கு மேல் செலுத்தி உலகத்தை வியப்பில் ஆழ்த்தினார்.

இனிப் போர் விமானத்துக்கு வருவோம். புதிய சண்டை விமானம் ஒன்று வேண்டுமென்று அரசாங்கம் கேட்க, மிட்செல் முதலில் வகுத்தது படுதோல்வியாயிற்று. வளைந்த பருத்த இறக்கைகளும், உள்ளே மடியாத சக்கரங்களும், நீராவியால் குளிரும் கோஷாக் எஞ்சினும் கொண்ட அது 1934-இல் பறந்தபோது வேகமும் இல்லை. எஞ்சினோ அளவு கடந்து சூடேறியது. பந்தய விமானங்களால் புகழின் உச்சியில் இருந்தவருக்கு இது பெரிய அவமானம்.

அதற்குள் வேறோர் இடியும் விழுந்திருந்தது. 1933 ஆகஸ்டில் அவருக்குக் குடலிற் புற்றுநோய் கண்டு, கடினமான ரண சிகிச்சை நடந்தது. அதன் விளைவாக ஆயுள் முழுதும் சொல்லொணாத அசௌகரியத்தோடு வாழவேண்டியதாயிற்று. நோய் மீண்டும் வரலாம் என்பதும் அவருக்குத் தெரியும். தொழிலிலிருந்து விலகி ஓய்வு கொண்டிருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். அவரோ வேலைக்குத் திரும்பியதோடு, விமானம் ஓட்டவும் கற்று 1934-இல் அதற்குரிய அத்தாட்சிப் பத்திரமும் பெற்றார்.

தோல்வியுற்ற விமானத்தைத் தட்டிக்கொட்டிச் சீர்படுத்துவதை விட்டு, அடியோடு புதிதாக வகுக்கத் துணிந்தார். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் அப்போது இயற்றிய மெர்லின் எஞ்சின் அதற்கு இதயமாயிற்று. இறக்கை மெல்லியதாயும் இருக்கவேண்டும். 8 துப்பாக்கிகளுக்கும் மடிந்த சக்கரங்களுக்கும் இடமும் தரவேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்த்ததே அந்தப் பிரசித்திபெற்ற நீள்வட்ட இறக்கை. அதன் வடிவத்தைக் கணித்ததிற் பெரும்பங்கு கனடா தேசத்தவராகிய பெவர்லி ஷென்ஸ்டனுக்கு உரியது. ஆதலின் ஸ்பிட்பயர் ஒருவர் மூளையில் முழுதும் உதித்ததெனக் கூறுவது பொருந்தாது. எனினும் பலர் கூறுவதையும் கேட்டு, இது ஆகும் இது ஆகாது என்று தீர்க்கும் பொறுப்பு மிட்செலுடையதாகவே இருந்தது.

1936 மார்ச் 5-ந் தேதி ஈஸ்ட்லி விமான நிலையத்திலிருந்து சம்மர்ஸ் என்பவர் அதனை முதன்முதல் ஓட்டினார். பின்னர் அதைப் பரீட்சிக்கும் வேலை பெரும்பாலும் ஜெப்ரி குவில் என்ற இளைஞர் கையில் வந்தது. எதிர்பார்த்த வேகம் முதலில் கிட்டவில்லை. சுழல்விசிறியை மாற்றியபின் மணிக்கு 348 மைல் வரை சென்றது. ஜூன் மாதத்தில் அரசாங்கம் 310 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் மேற்தகட்டில் தலை வெளித்தெரியாத ஆணிகள் எங்கெங்கே அவசியம் என்றறிய, ஆணித்தலைகளின்மேல் உடைத்த பட்டாணிப் பருப்பைப் பசையிட்டு ஒட்டிப் பறக்கவிட்டு, பிறகு வரிசை வரிசையாக நீக்கிப் பார்த்தனராம். பல்லாயிரம் பவுன் பெறும் யந்திரத்தின் இரகசியத்தைச் சமையலறைப் பருப்பு வெளிப்படுத்தியது நகைப்புக்கிடமாயினும் கூரிய யுக்தியே.

அவ்வாண்டிலேயே நோய் மீண்டும் தலைகாட்டியது. 1937 பிப்ரவரியில் மிட்செல் வேலையை நிறுத்தினார். ஏப்ரலில் வியன்னா நகரத்து வைத்தியரிடம் சென்று ஒரு மாதம் தங்கியும் பயனின்றித் திரும்பி, ஜூன் 11-ந் தேதி உயிர் நீத்தார். அவருடைய சாம்பல் ஈஸ்ட்லியையடுத்த சவுத் ஸ்டோனம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1942-இல் லெஸ்லி ஹவர்ட் நடித்து வெளியிட்ட திரைப்படம், அவர் அளவு மீறி உழைத்தே மாண்டார் என்னும் எண்ணத்தைப் பரப்பியது. அவரைக் கொன்றது நோயே. அந்நோயை அறிந்தும் உழைத்தது அவர் தம் மனத்திண்மை. உண்மை கதையினும் பெரிதாயிருக்க, கதை எதற்கு?

அவருக்குப்பின் ஜோசப் ஸ்மித் தலைமை ஏற்றார். 1938 ஆகஸ்டில் டக்ஸ்போர்டில் இருந்த 19-ஆம் படைப்பிரிவுக்கு முதல் ஸ்பிட்பயர் வந்தது. 1940-ஆம் வருஷத்து ஆகாயப் போரில் எண்ணிக்கையில் மிகுந்து போரிட்டவை சிட்னி காம் வகுத்த ஹரிக்கேன் விமானங்களே என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். அப்போரில் ஸ்பிட்பயர் ஓட்டிய 234-ஆம் படைப்பிரிவு, பின்னர் நம்மவர் திரட்டி அளித்த நன்கொடையின் பொருட்டுச் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியது. குவில் தாமே சில வாரம் போர்முனையிற் பறந்து, மிகு வேகத்தில் இறக்கைத் திருப்பிகள் கடினமாகிவிடுவதை அனுபவத்தில் உணர்ந்து வந்தார்; துணி போர்த்த அவ்வுறுப்புக்களுக்குப் பின்னர் உலோகத்தகடு பொருத்தப்பட்டது. 8 துப்பாக்கிகளில் இருந்த தோட்டாக்கள் சுமார் 15 விநாடிச் சூட்டுக்கே போதும். ஆதலால் இறங்கிய விமானத்துக்குப் பெட்ரோல் வார்த்து, தோட்டா நிரப்பி, எஞ்சினைச் சோதித்து மீண்டும் அனுப்பும் தரைத் தொழிலாளரின் கைவேகத்தின்மேல் போரின் முடிவு நின்றது.

விமானம் சட்டென மூக்கைத் தாழ்த்தினால் மெர்லின் எஞ்சின் கணநேரம் நின்றுபோகும் குறை ஒன்று இருந்தது. ஜெர்மானிய எஞ்சின்களுக்கு அக்குறை இல்லை. பகைவர் தலைகீழாகப் பாய்ந்து தப்பினர். பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி, பெட்ரோல் செல்லும் குழாயில் துளையுள்ள சிறு உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்தி 1941-இல் அதனைப் பெரும்பாலும் நீக்கினார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிற் பேர் பெற்றவர் அவர்!

மிட்செல் தம் கடைசி நாட்களில் குண்டு வீசும் பெரிய விமானம் ஒன்றையும் வகுத்து வந்தார். 1940 செப்டம்பர் 26-ந் தேதி பகைவர் சூப்பர்மரீன் தொழிற்சாலையைத் தாக்கியபோது, முற்றுப்பெறாதிருந்த அவ்விமானத்தின் மாதிரிகள் அழிந்தொழிந்தன. தொழிலாளர் பலரும் மாண்டனர். எஞ்சியோர், சுற்றுப்புற ஊர்களில் சலவைச் சாலைகளிலும் பஸ் கொட்டகைகளிலும் யந்திரங்களை நிறுத்தி மீண்டும் வேலை தொடங்கினர். வரைபட அறை ஹர்ஸ்லி பார்க் என்னும் மாளிகைக்குக் குடியேறியது. அங்கே ஸ்மித்தும் துணைவரும் மிட்செல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1948 வரை ஒன்றன்பின் ஒன்றாகப் புதுவகை ஸ்பிட்பயர்களை வகுத்துவந்தனர். அவ்வாறு உருவானவை 20,000-க்கு மேல்.