இரண்டு ஊர்க் கோதுமை

பிள்ளைகளே, சப்பாத்தி சாப்பிட்டிருப்பீங்க. கோதுமைச் செடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கீங்களா? அந்தச் செடிகளோடேயே வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நார்மன் போர்லாக் 1914-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1944-இல் மெக்சிகோவுக்கு வேலைக்குப் போனார். அங்கே கோதுமையைத் துரு நோய் அழித்துக்கொண்டிருந்தது. இரும்புத் துரு மாதிரியே ஒரு பொடி இலையிலும் தண்டிலும் படியும், தானியம் சுருங்கிப்போகும். பாடுபட்ட விவசாயிக்கு மிஞ்சுவது வைக்கோல்தான்.

நோயைத் தாங்கும் புது ரகம் வேணும். அதை எப்படி உண்டாக்குவாங்க தெரியுமா? கோதுமைப் பூ மிகச் சின்னது. இடுக்கியால் அதன் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்ட வேண்டும். பிறகு வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதில் தூவ வேண்டும். போர்லாக் வெயிலில் உட்கார்ந்து இப்படி ஆயிரக்கணக்கில் செய்தார். ஆனாலும் ஒரு நல்ல ரகம் கிடைக்கப் பத்து வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் விவசாயி என்ன செய்வார்?

போர்லாக் ஒரு வழி யோசித்தார். குளிர்காலத்தில் வடக்கே சொனோராவில் விதைப்பது. அங்கே அறுத்த விதையைக் கோடையில் தெற்கே டொலுக்கா மலைப்பகுதியில் விதைப்பது. வருஷத்துக்கு ரெண்டு விளைச்சல்! சொனோராவில் இருந்ததோ ஜன்னல் உடைந்த, கைவிடப்பட்ட பண்ணை. அங்கேயே தங்கினார். மேலதிகாரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அறுத்த விதைக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் அப்போது பாடப்புத்தகங்கள் சொல்லின. (பாடப்புத்தகமும் சில நேரம் தப்பாகும், பாருங்க!) போர்லாக் வேலையையே விடத் துணிந்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

இரண்டு ஊரிலும் வெயிலும் பகல் நேரமும் வேறு வேறு. இரண்டிலும் நன்றாக வளர்ந்த செடிகளைத் தேர்ந்தெடுத்ததால், அந்தக் கோதுமை பல நாடுகளில் வளரும் வலிமை பெற்றது. 1956-இல் மெக்சிகோ தனக்கு வேண்டிய கோதுமையைத் தானே விளைவித்தது. பிறகு, ஜப்பானியக் குட்டைக் கோதுமையோடு சேர்த்து, கதிர் கனத்தாலும் சாயாத ரகங்களை உருவாக்கினார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அழைக்க, 1963-இல் இந்தியாவுக்கும் வந்தார்.

1970-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்த செய்தியை மனைவி வயலுக்கே வந்து சொன்னார். போர்லாக் முதலில் நம்பவே இல்லை!

இந்தக் கோதுமைக்குத் தண்ணீரும் உரமும் நிறைய வேணும். கையில் காசில்லாத சிறு விவசாயிக்கு அது சுலபமா என்ன? போர்லாக்குக்கும் அது தெரியும். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கானா, எத்தியோப்பியா நாடுகளின் சிறு விவசாயிகளோடு மக்காச்சோள வயலில் இறங்கினார். 2009-இல் காலமானபோது அவருக்கு வயது 95.