விக்ரம் சாராபாய்: ராக்கெட்டுக்கு முன்பே விண்வெளியின் வானிலையைத் தேடியவர்

2022 பிப்ரவரி 3-ம் தேதி ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவியது. மறுநாளே பூமியை ஒரு காந்தப் புயல் தொட்டது. பெரிய புயல்கூட இல்லை, சுமார் ரகம்தான். ஆனால் அது மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்ப வைத்துவிட்டது. காற்றின் இழுவை கூடியதால், அவற்றில் 40 வரை சுற்றுப்பாதையில் நிலைக்க முடியாமல் போயின.

இதைத்தான் விண்வெளி வானிலை என்கிறார்கள். சூரியனிலிருந்து வரும் துகள்களும் காந்தப்புலமும் நம் செயற்கைக்கோள்களை, மின் கட்டமைப்பை, விண்வெளி வீரர்களை என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லும் துறை. இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமான ஒருவரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வேறு காரணத்துக்காகத் தெரியும்.

விக்ரம் சாராபாய் என்றதும் ராக்கெட், தும்பா, இஸ்ரோ என்றுதானே நினைவுக்கு வரும்? ராக்கெட் அவருக்கு ஒரு கருவி. அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி வேறு.

மில் வீட்டுப் பிள்ளை

1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், பெரிய ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்தார் சாராபாய். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. ஊர் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட தலைப்பு, காஸ்மிக் கதிர்கள்.

விண்வெளியின் ஆழத்திலிருந்து ஒளிக்கு நெருக்கமான வேகத்தில் வந்து விழும் துகள்கள் இவை. இவற்றை கைகர் கவுண்டரை வைத்து எண்ண வேண்டும். மணிக்கணக்காக, நாள்கணக்காக, மாதக்கணக்காக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். 1942-ல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு நடனக் கலைஞர் மிருணாளினியை சென்னையில் மணந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் போய், 1947-ல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார்.

எண்ணி என்ன ஆகப்போகுது?

நியாயமான கேள்வி. பதில் இதுதான்: காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசையிலிருந்தும் கிட்டத்தட்ட சமமாக வருகின்றன. அப்படியென்றால் பகலோ இரவோ, எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் இல்லை. நாளின் நேரத்தைப் பொறுத்து, ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவில் அது ஏறி இறங்குகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு சேர்ந்தும் மாறுகிறது. அதாவது, நடுவில் சூரியன் ஏதோ செய்கிறது.

விண்கலமே இல்லாத காலத்தில், சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள வெளியில் என்ன நடக்கிறது என்று தரையிலிருந்தே பார்க்க இது ஒரு வழி. நீங்கள் டேட்டாவோடு வேலை செய்பவர் என்றால் இதன் சிரமம் புரியும். சிக்னல் ரொம்பச் சின்னது. காற்றழுத்தம் மாறினாலே கணக்கு மாறும். அந்த இரைச்சலையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேட வேண்டும்.

1947 நவம்பரில், நாடு விடுதலை பெற்ற மூன்றே மாதத்தில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். சுருக்கமாக பிஆர்எல். வளிமண்டல ஆய்வாளர் கே.ஆர். ராமநாதன் அதன் முதல் இயக்குநர். பின்னர் குல்மார்க், திருவனந்தபுரம், நம் கொடைக்கானல் ஆகிய இடங்களிலும் எண்ணும் நிலையங்கள் வந்தன. ஒன்று உயரமான இமயமலையில். மற்ற இரண்டும் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். காந்த நடுக்கோட்டருகே பூமியின் காந்தப்புலம் குறைந்த ஆற்றல் துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும். மிக அதிக ஆற்றல் கொண்டவை மட்டும்தான் உள்ளே வரும்.

டவுன் பஸ்ஸும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸும்

1958-ல் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாமல் காற்றாக வீசுகின்றன என்று கணித்தார். 1962-ல் வெள்ளிக்கோளை நோக்கிப் போன மாரினர் 2 விண்கலம் அதை நேரில் அளந்தது. அந்தக் காற்றின் வேகம் ஒரே சீராக இல்லை என்பதும் தெரிந்தது.

1963-ல் சாராபாய் ஒரு கட்டுரை எழுதினார். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், மெதுவான காற்று வீசிய திசையிலேயே பின்னால் வேகமான காற்றும் வீசும். ஒற்றை வழிச் சாலையில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் பஸ் வந்து முட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நெருக்கடி உண்டாகும். அங்கே காந்தப்புலம் வலுக்கும், காஸ்மிக் கதிர்களின் வரத்தும் மாறும். பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் ஒரு முறை சுற்ற சுமார் 27 நாள். 27 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் காந்தப் புயல்களை இன்று இந்த நெருக்கடி மண்டலங்களை வைத்துத்தான் விளக்குகிறோம்.

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பாய்ந்தது. அந்த மீனவ கிராமம் தேர்வானதற்குக் காரணமும் காந்த நடுக்கோடுதான். அதன் மேலே சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூனுக்கு எட்டாத உயரம், செயற்கைக்கோள் நிலைக்க முடியாத தாழ்வு. ராக்கெட்தான் ஒரே வழி.

நேரம் போதவில்லை

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்ததும் அணுசக்தி ஆணையமும் சாராபாயின் தோளில் ஏறியது. ஏற்கெனவே விண்வெளித் திட்டம், அவர் உருவாக்கிய நிறுவனங்கள், குடும்பத் தொழில். இத்தனைக்கும் நடுவில் ஆய்வு மாணவர்களை அவர் விடவில்லை. 1971 டிசம்பர் 30 அன்று, கோவளத்தில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 52.

எட்டே மாதத்தில், 1972 ஆகஸ்டில், பதிவான மிகக் கடுமையான சூரியப் புயல்களில் ஒன்று வீசியது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்போலோ 17 டிசம்பரில் கிளம்ப இருந்தது. இடையில் நிலவில் யாரும் இல்லை. இருந்திருந்தால் கதிர்வீச்சால் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருக்கக்கூடும். முன்னெச்சரிக்கை காப்பாற்றவில்லை, அதிர்ஷ்டம்தான் காப்பாற்றியது.

சரி, இன்று?

2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன் பக்கம் நிற்கிறது. அதில் சூரியக் காற்றை அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவியைச் செய்தது பிஆர்எல். பாப்பா என்ற இன்னொரு கருவி, தும்பாவில் சாராபாய் பெயரிலேயே இயங்கும் மையத்தில் உருவானது.

கணக்கு போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 400 கி.மீ. வேகக் காற்று சூரியனிலிருந்து பூமிக்கு வர நான்கு நாளுக்கு மேல் ஆகும். ஆதித்யாவைத் தாண்டிய பிறகு ஒரு மணி நேரம். விநாடிக்கு 1,000 கி.மீ. வேகப் புயல் என்றால் அது 25 நிமிடமாகச் சுருங்கும். புயலின் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதைப் பொறுத்தே பாதிப்பு அமையும். தெற்கு என்றால் ஆபத்து அதிகம். அதை நம்பகமாக அளக்க முடிவது பெரும்பாலும் இந்தக் கடைசி நேரத்தில்தான்.

ககன்யான் வீரர்கள் பூமிக்கு அருகிலேயே சுற்றுவார்கள், காந்தப்புலம் ஓரளவு காக்கும். 2040-க்குள் இந்தியரை நிலவுக்கு அனுப்புவது இலக்கு. அங்கே அந்தக் குடை கிடையாது. எச்சரிக்கை வந்ததும் கலத்தின் நடுப்பகுதிக்குப் போய், சரக்குப் பைகளைச் சுற்றி அடுக்கி, தண்ணீரையும் உணவையும் கவசமாக்கிக் காத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் வேணும்.

அடுத்த முறை சூரியப் புயல் வருது என்று செய்தி பார்த்தால், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதுதான் இந்தத் துறையின் வேலை. பெங்களூரில் ஒரு மாணவர் கவுண்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணத் தொடங்கியபோது, அது எதற்குப் பயன்படும் என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.